இரண்டு மணிச் சங்கு

திம்மப்பனுக்கு நெஞ்சு வலித்தது செவ்வாய்க்கிழமைகளில். எல்லாச் செவ்வாயும் இல்லை. மூன்று வாரத்துக்கு ஒரு செவ்வாய். தலை சுற்றியது திங்கட்கிழமைகளில். அதுவும் மூன்று வாரத்துக்கு ஒரு திங்கள். மற்ற நாட்களில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

"வியாதிக்குக் கிழமை தெரியாது, திம்மப்பன்" என்றார் டாக்டர் சரோஜம்மாள்.

"என்னுதுக்குத் தெரியுதே, டாக்டரம்மா."

டாக்டர் சிரிக்கவில்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை அவன் கையில் சுற்றி, ரப்பர் குண்டை அழுத்தி, பாதரசம் ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கிளினிக். பைரவா ஃபவுண்டரியின் தொழிலாளிகளுக்கு அவர்தான் டாக்டர்.

திம்மப்பன் அந்த ஃபவுண்டரியில் கிரேன் ஆபரேட்டர். முப்பதடி உயரத்தில், கூரையை ஒட்டி ஓடும் கிரேனின் கேபினில் உட்கார்ந்திருப்பான். உலையில் உருகிய இரும்பைக் கீழே லேடில் என்கிற ராட்சத வாளியில் பிடித்துத் தருவார்கள். அதைத் தூக்கிக்கொண்டு போய், மண் அச்சுகளுக்கு மேலே தளும்பாமல் நிறுத்துவது அவன் வேலை. பதினோரு வருடத்தில் அவன் கையிலிருந்து ஒரு சொட்டு இரும்பு தப்பி விழுந்ததில்லை. ஃபவுண்டரியில் இதைச் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். அவனுக்கு இருந்த ஒரே பெருமையும் அதுதான்.

போன வருடம், எண்பத்தேழு தீபாவளி சமயத்தில், கிரேன் ஏணியில் ஏறும்போது நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவது போல் இருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, ரத்த அழுத்தம் ஏகத்துக்கு இருக்கிறது, இதயத்துக்குப் போகிற ரத்தமும் போதவில்லை என்றார். சின்ன வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"உங்க இதயம் தேவைக்கு மேல ஓடுது. இந்த மாத்திரை அதைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். தூங்கி எழுந்து டிபன் சாப்பிட்டதும் ஒண்ணு. படுக்கறதுக்கு முன்னால, சாப்பிட்டதும் ஒண்ணு. நீங்களா நிறுத்திடக் கூடாது. நிறுத்தினா முன்னை விட மோசமா வலிக்கும்."

அவன் நிறுத்தவில்லை. ஒரு வேளைகூடத் தவறவில்லை. தவறவிட முடியாதபடி அவன் மனைவி முனிலட்சுமி சாப்பாட்டுத் தட்டின் ஓரத்திலேயே மாத்திரையை வைத்துவிடுவாள். மாத்திரை வயிற்றுக்குள் போகும் வரை எதிரில் நிற்பாள். இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள், கண்டிப்பானவள். மாட்டிடம் தெலுங்கிலும் புருஷனிடம் தமிழிலும் அதட்டுவாள்.

ஆனாலும் ஒரு செவ்வாய் விடியற்காலை வலி வந்தது. சி ஷிப்ட், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை. டாக்டரிடம் ஓடினான். மாத்திரை போதவில்லை போலிருக்கிறது என்று அவர் பலத்தை இரண்டு மடங்கு ஆக்கினார். ஆறு நாள் ராஜா மாதிரி இருந்தான். ஏழாம் நாள் திங்கட்கிழமை, ஷிப்ட் மாறி, காலை ஆறு மணிக்குத் தொடங்கும் ஏ ஷிப்டில், தலை சுற்றி ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டான். கை இரண்டும் ஐஸ் கட்டி. டாக்டர் நாடி பிடித்துப் பார்த்தார். நிமிடத்துக்கு ஐம்பதுகூட இல்லை. பலம் அதிகம் என்று பழைய மாத்திரைக்கே திரும்பினார். இரண்டு வாரம் நன்றாக இருந்தது. அடுத்த செவ்வாய் மறுபடி வலி. மறுபடி இரண்டு மடங்கு.

டாக்டருக்கும் குழப்பம். அவர் அதைக் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஃபவுண்டரியில் ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருந்தார்கள். முனீர் அகமது, "இது நெஞ்சு இல்ல திம்மண்ணா, வெறும் கேஸு" என்றான். கீழே நின்று கையை அசைத்து, ஏற்று, இறக்கு, நிறுத்து என்று கிரேனுக்குச் சைகை காட்டுகிறவன் அவன். எட்டு வருடமாக அவன் கையைப் பார்த்துத்தான் திம்மப்பன் லேடிலை நகர்த்துகிறான். "மோருல பெருங்காயம் போட்டுக் குடி. எங்க மாமனாருக்கு ஒரே நாள்ல ஓடிப்போச்சு."

"வலியா, மாமனாரா?"

"ரெண்டும்தான்" என்றான் முனீர்.

முனிலட்சுமிக்கு மருந்துக் கடை மேல் சந்தேகம். சாக்பீஸைத் தட்டி மாத்திரை என்று விற்கிறான் என்றாள். பாகலூர் ரோட்டில் வேறு கடையில் வாங்கினாள். அந்தக் கடை மாத்திரைக்கும் செவ்வாயும் திங்களும் தெரிந்திருந்தது.

ஃபோர்மேன் மாடசாமிக்குச் சந்தேகமே இல்லை. திருநெல்வேலிக்காரர். திங்கட்கிழமை காலை தலை சுற்றுகிறது என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான்.

"ஞாயித்துக்கிழமை அத்திப்பள்ளி போய்ட்டு வாறீரோ?" என்று கேட்டார். கர்நாடக எல்லை ஏழெட்டு மைல்தான். இங்கே கிடைக்காத சரக்கு அங்கே கிடைக்கும். ஞாயிறு சாயங்காலம் டவுன் பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது.

"நான் அந்தப் பக்கமே போறதில்ல சார்."

"போகாமலா கண்ணு இப்படிச் சொருகுது? வாயை ஊதும்வே, பாப்போம்."

பத்துப் பேர் பார்க்க ஊதினான். வந்தது ராகிக் களி வாசனைதான். மாடசாமி அதையும் நம்பவில்லை.

படுத்தபடி திம்மப்பன் தானே யோசித்துப் பார்த்தான். ராத்திரி வேலைதான் வலிக்குக் காரணமா? அப்படியானால் புதன், வியாழன், வெள்ளியில் ஏன் வலிக்கவில்லை? அவையும் சி ஷிப்ட்தானே? மாத்திரை அதிகமாகித் தலை சுற்றுகிறதா? அதே மாத்திரையைத்தானே செவ்வாய் முதலே போடுகிறான். திங்கள் வரை எங்கே போயிருந்தது சுற்றல்? யோசிக்க யோசிக்க அவனுக்கு மாத்திரை போடாமலே தலை சுற்றியது.

இப்படி இருக்கும்போதுதான் அந்தத் திங்கட்கிழமை வந்தது.

ஏ ஷிப்ட். காலை எட்டரை மணி. லேடில் நிறைய இரும்பு. திம்மப்பன் தூக்கினான். கிரேன் நகர்ந்தது. முதல் அச்சுக்கு மேலே வந்ததும் வழக்கம்போலக் கீழே முனீரின் கையைப் பார்த்தான். கை தெரிந்தது. ஆனால் அது ஏற்று என்கிறதா, இறக்கு என்கிறதா என்று தெரியவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். இரண்டு முனீர் நின்றார்கள். இரண்டு பேரும் லேடிலுக்கு நான்கடி தள்ளி நின்றார்கள்.

கிரேனை நகர்த்தும் கன்ட்ரோலர் பிடியில் இருந்த தன் கை யாருடையதோ போல் ஜில்லென்று கிடப்பதைத் திம்மப்பன் பார்த்தான். அதை எடுத்தான். பிரேக்கைப் போட்டான். காலால் மணியை மிதித்தான். விடாமல் மிதித்தான்.

கிரேன் மணி விடாமல் அடித்தால் கீழே யாரும் நிற்கக் கூடாது. முனீர் ஓடினான், அச்சு செய்கிற மோல்டர்கள் ஓடினார்கள், மாடசாமியும் ஓடினார். லேடில் ஆளில்லாத இடத்துக்கு மேலே அசையாமல் தொங்கியது. வேறொரு ஆபரேட்டர் வீட்டிலிருந்து வந்து ஏறுவதற்குள் இரும்பு லேடிலுக்குள்ளேயே இறுகிவிட்டது. திம்மப்பனை இடுப்பில் கயிறு கட்டி இறக்கினார்கள்.

மேனேஜர் வந்தார். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"மூணு வாரம் நீ கீழேயே வேலை பாரு. அடுத்த ஏ ஷிப்ட் திங்கட்கிழமை, இதே காலை நேரத்துல, டாக்டர் இங்க வந்து உன்னைப் பார்ப்பாங்க. ஏறலாம்னு எழுதிக் கொடுத்தா ஏறு. இல்லேன்னா இனி யார்டுலதான் வேலை. அப்புறம் கிரேனைப் பத்தி எங்கிட்ட பேச வரக் கூடாது."

யார்டு என்றால் உடைந்த இரும்பைப் பொறுக்கிக் குவிக்கிற இடம்.

முனீர் அவனை ஆட்டோவில் ஏற்றிக் கிளினிக்குக் கொண்டுபோனான். விஷயம் கேள்விப்பட்டு முனிலட்சுமி பால் கேனோடு நேரே அங்கே வந்துவிட்டாள். டாக்டர் நாடி பார்த்தார். நாற்பத்து நான்கு.

"உண்மையைச் சொல்லுங்க. எத்தனை மாத்திரை போட்டீங்க?"

"நீங்க சொன்னதுதான். ரெண்டு."

முனிலட்சுமி மடியிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து மேஜை மேல் கவிழ்த்தாள். மூன்று வாரத்துக் காலி மாத்திரை அட்டைகள். ஒன்றைக்கூட அவள் தூக்கிப் போடவில்லை. டாக்டர் பொறுமையாக எண்ணினார். இருபத்தொரு நாள், நாளைக்கு இரண்டு. நாற்பத்திரண்டு குழி. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "எனக்குப் புரியல" என்றார்.

டாக்டர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. முனீர் எழுந்து நின்றுவிட்டான்.

"சரி, நேத்து காலையிலேருந்து என்ன சாப்பிட்டீங்க, எப்ப சாப்பிட்டீங்கன்னு ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

"நேத்து காலைல ஏழு மணிக்குக் களி. படுக்கறதுக்கு முன்ன போடற மாத்திரை."

"காலைல ஏழு மணிக்கா படுத்தீங்க?"

"சனிக்கிழம ராத்திரி சி ஷிப்டும்மா. ஞாயித்துக்கிழம விடிஞ்சுதானே முடியும்? மத்தியானம் ரெண்டு மணிக்கு எழுந்தேன். டிபன் சாப்ட்டு, எழுந்ததும் போடறது."

"அப்புறம்?"

"காலைல ஏ ஷிப்ட் ஆச்சே, சீக்கிரம் எழணும். ஒம்பது மணிக்கெல்லாம் சாப்ட்டுப் படுத்தேன். படுக்கறதுக்கு முன்ன போடறது ஒண்ணு."

"இன்னிக்கு?"

"அஞ்சு மணிக்கு எழுந்தேன். எழுந்ததும் போடறது."

டாக்டரின் பேனா நின்றது. முனிலட்சுமி விரலை மடக்கிக்கொண்டே வந்தவள், நான்காவது விரலில் நின்றாள்.

"நாலு" என்றாள். "ஒரு நாளு முழுசா ஆவல, அதுக்குள்ள நாலு."

"ரெண்டு தடவ படுத்தேன், ரெண்டு தடவ எழுந்தேன்" என்றான் திம்மப்பன். "சரியாத்தானே இருக்குது?"

டாக்டர் வேறு கேட்டார். "வலி வந்த வாரம் சொல்லுங்க. திங்கட்கிழமை எப்ப எழுந்தீங்க?"

"அதுக்கு முந்தின வாரம் பி ஷிப்ட். மத்தியானம் ரெண்டுலேருந்து ராத்திரி பத்து வரைக்கும். அதனால திங்கக்கிழம சாதாரணமா ஏழு மணிக்கு எழுந்து ஒண்ணு போட்டேன். அன்னிக்கு ராத்திரிதான் சி ஷிப்ட் ஆரம்பம்."

"ராத்திரி மாத்திரை?"

"எங்கம்மா படுத்தேன்? வேலைக்கில்ல போனேன்? செவ்வாக்கிழம காலைல வந்து, சாப்ட்டுப் படுக்கும்போதுதான் அடுத்தது."

"ஒரு நாள் பூரா ஒரே மாத்திரை" என்று டாக்டர் தனக்குள் சொல்லிக்கொண்டார். "விடியற்காலை வலிக்காம என்ன செய்யும்?"

முனிலட்சுமிக்கு விளங்கிவிட்டது. திம்மப்பனுக்கும் முனீருக்கும் விளங்கவில்லை என்பதும் விளங்கியது.

"யோவ், நம்ம மாட்ட எத்தினி வேள கறக்கறேன்?"

"ரெண்டு வேள."

"காலைல நாலு, சாயங்காலம் நாலு. நீ எந்த ஷிப்ட் போனாலும் அதுக்கு என்னா? நீ படுக்கும்போது ஒருதரம், எழும்போது ஒருதரம் கறந்தேன்னு வெச்சுக்க. ஒரு நாளு நாலு வேள கறப்பேன், மடி வத்திப்போவும். இன்னொரு நாளு ஒரே வேள, மடி கட்டிகினு மாடு உதைக்கும். மாசம் முடிஞ்சு பால் சொசைட்டில பார்த்தா லிட்டரு சரியா இருக்கும். மாடு செத்துப்போயிருக்கும்."



"ஏனு குரு" என்று முனீர் தலையில் கை வைத்துக்கொண்டான். அவனுக்கு ஆச்சரியம் எப்போதும் கன்னடத்தில்தான் வரும். "நாங்க மனுசனுக்குல்ல பார்த்துகினு இருந்தோம்!"

டாக்டர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எழுந்ததும், படுக்கறதுக்கு முன்னாலன்னு சொன்னது நான்தான். அந்த மாத்திரை அரை நாளைக்குத்தான் வேலை செய்யும். ஷிப்ட் மாறுமேன்னு எனக்குத் தோணல. தப்பு என் பேர்ல."

திம்மப்பனுக்கு இன்னும் முழுதாகத் தெளியவில்லை. டாக்டர் தப்பு என்கிறார், ஆனால் அவர் சொன்னபடியே அவன் செய்திருக்கிறான். ஒன்றுகூட விடவில்லை, ஆனால் விட்டிருக்கிறான். ஒன்றுகூட அதிகம் போடவில்லை, ஆனால் போட்டிருக்கிறான்.

"அப்ப நான் கிரேன் ஏறலாமா, டாக்டரம்மா?"

"அதை மூணு வாரம் கழிச்சு உங்க நாடி சொல்லட்டும்."

இதே வகையில் வேறு மாத்திரை ஒன்று இருக்கிறது, ஒரு நாள் முழுக்கப் பிடிக்கும், நாளைக்கு ஒன்று போதும் என்றார். ஆனால் கடிகாரத்தைப் பார்த்து, தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். எந்த ஷிப்டானாலும் அவன் விழித்திருக்கிற நேரம் எது என்று கேட்டார்.

அங்கேதான் மறுபடி குழப்பம். காலை எட்டு என்றால் சி ஷிப்டில் தூங்கிக்கொண்டிருப்பான். இரவு ஒன்பது என்றால் பி ஷிப்டில் கேபினில் இருப்பான். லேடில் தொங்கும்போது மாத்திரையைத் தேட முடியுமா? மூன்று பேரும் மாறி மாறி நேரம் சொன்னார்கள். டாக்டர் எழுதி எழுதி அடித்தார்.

"ரெண்டு மணிச் சங்கு" என்றான் திம்மப்பன்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"மத்தியானம் ரெண்டு மணிக்குக் கம்பெனி சங்கு ஊதும். ஏ ஷிப்டுன்னா அப்பதான் ஏணி இறங்குவேன். பி ஷிப்டுன்னா அப்பதான் ஏறுவேன். சி ஷிப்டுன்னா அந்தச் சங்குலதான் தூக்கமே கலையும்."

டாக்டர் முதல் முறையாகச் சிரித்தார்.

ஓசூரில் அந்த மாத்திரை கிடைக்கவில்லை. முனீர் சாயங்காலமே பெங்களூர் பஸ் ஏறி வாங்கி வந்தான். மறுநாள் இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. திம்மப்பன் சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து வாயில் போட்டான். புதனும் சங்கு. வியாழனும் சங்கு. சனிக்கிழமைதான் அவனுக்கு உறைத்தது. நாளை ஞாயிறு. கம்பெனி லீவு. சங்கு ஊதாது.

ஞாயிற்றுக்கிழமைதானே ஷிப்ட் மாறுகிற நாள்? எல்லா வம்பும் அங்கேதானே ஆரம்பித்தது?

முனிலட்சுமி ஞாயிறு மத்தியானம் சந்தைக்குப் போய்விடுவாள். வீட்டில் இருந்த கடிகாரம் எப்போதோ நின்றுவிட்டது. சங்கு இருக்கும்போது கடிகாரம் எதற்கு என்று யாரும் சாவி கொடுக்கவில்லை. முனீரிடம் சொன்னான். முனீர் தலையை ஆட்டினான்.

ஞாயிறு மத்தியானம் ஜன்னலுக்கு வெளியே "ஊஊஊஊ" என்று ஒரு சத்தம் கேட்டது. மாடு மிரண்டு கயிற்றை இழுத்தது. பார்த்தால் முனீர். தலையில் இன்னும் தொழுகைத் தொப்பி. லுஹர் என்கிற மத்தியானத் தொழுகை முடித்து, மசூதியிலிருந்து நேரே சைக்கிளை மிதித்திருக்கிறான்.

"என்னா பாய் இது?"

"சங்கு. மாத்திரையப் போடு."

"ஒரு வார்த்த கூப்ட்டா எழ மாட்டனா?"

"நீ பேச்சுக் குடுப்பே, லேட்டாவும். சங்குக்குப் பதில் பேச முடியாதுல்ல?" கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மாத்திரை தொண்டையைத் தாண்டுகிறதா என்று பார்த்தான். "மேல உட்கார்றவன் நீ. கீழ நிக்கறவன் நானு. எனக்குப் புள்ளகுட்டி இருக்குது, திம்மண்ணா."

மூன்று ஞாயிறும் வந்தான். நடுவில் வந்த அந்தச் செவ்வாய் விடியற்காலை, கீழே மண் சலித்துக்கொண்டிருந்த திம்மப்பன் வேலையை நிறுத்திவிட்டு நெஞ்சில் கை வைத்துப் பார்த்தான். வலிக்கவில்லை. வலிக்காததும் அவனுக்கு ஏதோ தப்பாகவே பட்டது. ஒருவேளை இன்று திங்களோ என்று பக்கத்தில் இருந்தவனைக் கேட்டான்.

மூன்றாவது ஞாயிறு சி ஷிப்ட் முடித்துச் செத்தவன் போலத் தூங்கிக்கொண்டிருந்தான். முனீர் இரண்டு தரம் ஊத வேண்டியிருந்தது. அன்று சந்தைக்குப் போகாமல் வீட்டில் இருந்த முனிலட்சுமி வெளியே வந்து, மாட்டைத் தெலுங்கில் சமாதானப்படுத்திவிட்டு, முனீரையும் தெலுங்கிலேயே திட்டினாள். பிறகு உள்ளே போய் அவனுக்கு மோர் கொண்டுவந்தாள். "பெருங்காயம் போட்டுருக்கேன்" என்றாள்.

திங்கட்கிழமை காலை எட்டரை. முதலுதவி அறையில் டாக்டர் சரோஜம்மாள் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். மறு கையில் கடிகாரம். மேனேஜர் ஒரு பக்கம், மாடசாமி ஒரு பக்கம். திம்மப்பன் கதவுக்கு வெளியே நின்ற முனீரைப் பார்த்தான். ஒரே ஒரு முனீர்தான் தெரிந்தான்.

ஒரு நிமிடம் இவ்வளவு நீளமா?

"அறுபது" என்றார் டாக்டர். ரத்த அழுத்தம் பார்த்தார். ஏணியில் ஏறி இறங்கச் சொல்லி மறுபடி பார்த்தார். பிறகு காகிதத்தை எடுத்து எழுதினார்: கிரேன் இயக்கலாம், மாதம் ஒரு முறை பரிசோதனைக்கு வர வேண்டும்.

மேனேஜர் வாங்கிப் படித்து மடித்து வைத்துக்கொண்டார். மாடசாமி தொண்டையைச் செருமினார். "ஏறும்வே. எதுக்கு நிக்கீரு?" என்றார். பிறகு, கொஞ்சம் தள்ளிப் போனதும் திரும்பி, "அத்திப்பள்ளின்னு சொன்னது... நானும்தான் அங்கன போவேன், ஆனா உம்மை ஒரு நாளும் பாத்ததில்ல. அதை அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்றார்.

கேபினில் உட்கார்ந்ததும் திம்மப்பன் கன்ட்ரோலரைத் தொட்டுப் பார்த்தான். அது ஜில்லென்றிருந்தது, கை சூடாக இருந்தது.

அன்று வேலை நிறைய. ஷிப்டின் கடைசி லேடிலைத் தூக்கும்போதே நேரமாகிவிட்டது. கடைசி அச்சுக்கு மேலே நிறுத்தி, முனீரின் கையைப் பார்த்து அங்குலம் அங்குலமாக இறக்கிக்கொண்டிருந்தபோது சங்கு ஊதியது. இரண்டு மணி.

திம்மப்பனின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகப் பார்த்தது. லேடிலில் இன்னும் பாதி இரும்பு இருந்தது. கீழே முனீர் ஒரு கையால் 'மெதுவா இறக்கு' என்று காட்டினான். இன்னொரு கையால் வாயைத் தொட்டு, அப்புறம் அந்தக் கையை 'பொறு' என்பது போல் ஆட்டினான். அப்படி ஒரு சைகை கிரேன் வேலையில் கிடையாது. திம்மப்பனுக்கு மட்டும் புரிந்தது.

இரும்பு முழுவதும் அச்சுக்குள் இறங்கிய பிறகு, பிரேக்கைப் போட்டுவிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டான். எட்டு நிமிடம் லேட்.